தம்பி மேல் இருந்த ஊரடங்கு வழக்கை முடித்த விதம்

2020 ஏப்ரலில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க பைக்கில் போன என் தம்பியை வழியில் நிறுத்தி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுதல்), 269 (கவனக்குறைவால் நோய் பரவ வழிசெய்தல்) பிரிவுகளில் வழக்கு எழுதினார்கள். அன்று மாலையே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். அடுத்த பிப்ரவரியில், ஊரடங்கு மீறல் வழக்குகள் கைவிடப்படும் என்று அரசு அறிவித்ததும் நிம்மதியாக இருந்துவிட்டோம். 2023-இல் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த காவலர், "தம்பி மேல கேஸ் இருக்கேம்மா" என்றார்.

கைதுப் பதிவை அப்படியே அழித்துத் தர நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வழக்கை முறையாக முடித்து, முடிந்த செய்தியைப் போலீஸ் பதிவேடு வரை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். அதிலுள்ள எண்ணையும் ஆண்டையும் வைத்து கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் கோர்ட் வழக்கு எண் விழுந்திருந்தால், வழக்கைக் கோர்ட் கையில் எடுத்துவிட்டது என்று அர்த்தம். போலீஸே வழக்கைக் கைவிட்டு அறிக்கை கொடுத்திருந்தால், அதன் சான்றிட்ட நகலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு வாங்கி வையுங்கள்.

"ஃபைன் கட்டிட்டு வந்துடு, பெட்டி கேஸ்தானே" என்று எங்களிடம் சொல்லாதவர்களே இல்லை. தயவுசெய்து அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகி, தண்டனை பெற்றவர் என்றே பதிவாகும். குற்றம் உண்மையிலேயே நடந்திருந்தால்கூட, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்து விடுவிக்குமாறு வக்கீல் மூலம் கேளுங்கள். அப்படி விடுவிக்கப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்று அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது.

தம்பி விஷயத்தில் வக்கீல் இரண்டு ஓட்டைகளைக் காட்டினார். 188-க்கு, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ கோர்ட்டில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொன்று காலக்கெடு. ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றத்துக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்றாலும், அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

இவற்றை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டோம். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 528. அக்கம்பக்கத்துச் சண்டை மாதிரியான சின்ன வழக்கு என்றால், எதிர்த் தரப்போடு சமாதானமாகி இருவரும் கையெழுத்திட்டும் இதே மனுவைப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது.

வழக்கை ரத்து செய்து உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் பாதி வேலை அதற்கப்புறம்தான். சான்றிட்ட நகல்களை வாங்கி, ஒன்றை மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும், ஒன்றை ஸ்டேஷனிலும், ஒன்றை எஸ்.பி. அலுவலகத்திலும் கொடுத்து, மூன்று இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். போலீஸ் வழக்கு விவரங்களை வைத்திருக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினிப் பதிவில் வழக்கு ரத்தானதைச் சேர்க்கும்படி, நகலோடு கொடுத்த மனுவிலேயே எழுதினேன். கைரேகை, புகைப்படம் எடுத்திருந்தால் அதையும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்தபின், கோர்ட் வேறு விதமாக உத்தரவிட்டால் தவிர அவற்றை அழிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு அடையாளச் சட்டம் சொல்கிறது.

வேலை விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள். சின்ன வழக்கைவிட அதை மறைத்ததுதான் பலருக்கு வேலையைப் பறித்திருக்கிறது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றே கூறியது. தம்பி இப்போதும் விண்ணப்பத்தில் அதைக் கேட்கும் கட்டத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் ரத்தான தேதியையும் எழுதி, உத்தரவு நகலைச் சேர்த்தே அனுப்புகிறான்.