கறி சுமக்கிற பையை லிட்டர் பார்த்து வாங்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இங்கே வேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கோடியக்கரை வெளிமானைப் பார்த்துக் கை அரித்தால் ஜெயில்தான். ஆனால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன பசங்களில் சிலர் அங்கே முறையாக லைசென்ஸ் எடுத்து எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போகிறார்கள். போவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வரும்: "அண்ணே, எந்தப் பை வாங்கலாம்?" கொலராடோவில் இருந்த காலத்தில் தப்பான பையை வாங்கி ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தவன் நான், அதனால் கேட்கிறார்கள்போல.

கடைக்குப் போனதும் எல்லாரும் கேட்பது பை எத்தனை லிட்டர் கொள்ளும் என்றுதான். நானும் அப்படித்தான் 85 லிட்டர், விலை குறைவு, திரும்பின பக்கமெல்லாம் பாக்கெட் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வளர்ந்த கிடா எல்க் ஒன்று உயிரோடு 300 கிலோவுக்குப் பக்கம் நிற்கும், எலும்பு நீக்கினால்கூடக் கறி மட்டும் 80, 90 கிலோ தேறும். மலைச்சரிவில் ஒரு ஆள் ஒரு நடைக்கு 30 கிலோ சுமந்தாலே பெரிய விஷயம், ஆக மூன்று நடையாவது போய்வர வேண்டும். போதும் என்று பாதியைப் போட்டுவிட்டும் வர முடியாது, தின்னத் தகுந்த கறியைக் காட்டில் வீணாக விடுவது அங்கே குற்றம். என் பைக்குள் கறி தாராளமாகப் போனது, இடமெல்லாம் இருந்தது. ஆனால் உள்ளே ஃபிரேம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் நூறடி நடப்பதற்குள் மொத்தப் பையும் தொய்ந்து பின்பக்கம் தொங்கி, சுமை முழுக்கத் தோளில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதெல்லாம் நம் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை தூக்குகிறவர் யாராவது அதைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து, கீழே சும்மாடு கொடுத்து, வழுக்குகிற வரப்பில் கைவீசி நடக்கிற அக்காக்களுக்குத் தெரிந்ததுதான் இது. சுமை எலும்பு வழியாக நேராகக் கீழே இறங்க வேண்டும், சதையில் தொங்கக் கூடாது. வேட்டைப் பையில் முதுகோடு ஒட்டியிருக்கிற விறைப்பான ஃபிரேமும் இடுப்புப் பட்டையும் சேர்ந்துதான் சும்மாடு. அதனால் பையை வாங்குவதற்கு முன் ஃபிரேமைப் பிடித்து வளைத்துப் பாருங்கள், 30 கிலோவுக்கு அது மசியக் கூடாது.

அந்தப் பட்டையை எங்கே கட்டுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கைலி கட்டுகிற பழக்கத்தில் தொப்பைக்கு நடுவில் கட்டிவிடுகிறார்கள். பக்கவாட்டில் தொட்டால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டும், பட்டையின் நடுப்பகுதி அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்வார், அப்புறம் தோளுக்கு மேலே இருக்கிற சின்ன வார். இந்தச் சின்ன வார் பையை முதுகோடு இழுத்து வைக்கிறது, அது இல்லாத பையைத் தொடவே வேண்டாம்.

உயரம் பார்த்து அளவு எடுப்பதும் தப்பு. ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம், ஐந்தரை அடி ஆளுக்கு நீளமாக இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு புடைக்கும், அதிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை முதுகோடு டேப் வைத்து யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் அளவு.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்தால் எந்தப் பையும் நன்றாகத்தான் இருக்கும். தலையணை திணித்துப் பார்ப்பதும் வீண். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை உள்ளே வைத்து மாடிப்படி ஏறி இறங்கி, ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். கறி சும்மா கிடக்காது, உருளும், வழியும், அடியில் போய்ச் சேரும், அதற்கு அரிசி மூட்டைதான் கொஞ்சமாவது கிட்ட வருகிறது.

கனத்தை அடியில் போடுவது இன்னொரு பழக்கதோஷம். தூங்குகிற பை மாதிரி லேசான சாமான்கள் அடியில் இருக்கட்டும், கறி முதுகை ஒட்டி, நடுமுதுகுக்குச் சற்று மேலே. நல்ல வேட்டைப் பைகளில் ஃபிரேமையும் பையையும் பிரித்து, இடையில் கறியை வைத்து இறுக்கிக் கட்டலாம். கனமும் முதுகோடு இருக்கும், மாற்றுத்துணியில் ரத்தமும் படாது.

கறியைச் சூட்டோடு பாலிதீன் கவரில் கட்டாதீர்கள், தயவுசெய்து. வெளியே குளிராக இருக்கிறதே என்று நினைத்து நானே செய்திருக்கிறேன், உள்ளே சூடு அடைபட்டு வேர்த்து, இறக்கும்போது வீச்சம் அடித்தது. காற்றுப் போகிற துணிப்பையில் போட்டு, நிழலில் தொங்கவிட்டு ஆறவைத்த பிறகுதான் பையில் ஏற்ற வேண்டும்.

ஜிப் நிறைய வைத்த பை வேண்டாம், என் பையில் இரண்டாவது நடையிலேயே பல் பிய்ந்தது. பக்கிள் உடைந்தாலாவது கயிறு போட்டுக் கட்டிச் சமாளிக்கலாம். கொலராடோவில் துப்பாக்கி வேட்டைக்குப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறம் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் தெரிய வேண்டும் என்று சட்டம், தலைக்கும் அதே நிறத்தில் தொப்பி. பெரிய பையை மாட்டியதும் முதுகுப்பக்க ஆரஞ்சு மறைந்துபோகும், யாரும் அதை யோசிப்பதே இல்லை. பைக்கு மேலேயும் அதே நிறத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். மானைச் சுமந்து போகிறவனை மான் என்று நினைத்து எவனாவது சுட்டுவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது முறை சரியாக வாங்கிய பை இப்போது ஊரில் என்னோடுதான் இருக்கிறது. குலதெய்வக் கோயிலுக்கு வண்டி போகிற பாதை கிடையாது, அரைக் கிலோமீட்டர் வரப்பில்தான் நடக்க வேண்டும். கிடா வெட்டி, கூறு போட்டு முடித்ததும் பங்காளிகள் வீட்டுக் கறியெல்லாம் என் முதுகில்தான் வரும். வந்ததும் பையைப் பச்சைத்தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் ஊற்றினால் ரத்தக்கறை துணியில் இறுகிவிடும். போன தடவை பெரியப்பா அவசரத்தில் வெந்நீர் ஊற்றிவிட்டார், அந்தக் கறை இன்னும் போகவில்லை.