அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாமா? முதல் தடவை போகிற குடும்பத்துக்கு

போன ஜூனில் நாங்கள் ஆறு பேர், அதாவது நானும் கணவரும், இரண்டு பிள்ளைகளும், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா அம்மாவும் சியாட்டிலில் கப்பல் ஏறி ஏழு இரவுகள் அலாஸ்கா போய் வந்தோம். அதிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக போன் பண்ணி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

1. கப்பலைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள்

நாங்களும் முதலில் எந்தக் கப்பலில் தண்ணீர்ச் சறுக்கு பெரியது என்றுதான் பார்த்தோம். அந்தக் குளிரில் பிள்ளைகள் அதில் ஏறியது ஒரே ஒரு நாள். அலாஸ்காவுக்குப் போவது வெளியே பார்க்கத்தான், அதனால் கப்பல் எங்கெல்லாம் நிற்கிறது, எந்தப் பனியாற்றுக்குப் போகிறது என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் மூன்றும் பெரும்பாலான பயணங்களில் வந்துவிடும். வித்தியாசம் பனியாற்று நாளில்தான். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை, அதனால் எல்லா நிறுவனங்களுக்கும் அது கிடைக்காது. கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் ஹப்பர்ட் பனியாறு, எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கிளை இரண்டும் மோசமில்லை.

புறப்படும் ஊரும் முக்கியம். வான்கூவரில் ஏறினால் ஆரம்பத்திலிருந்தே தீவுகளுக்கு நடுவே, அலையில்லாத தண்ணீரில் போகலாம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும், அங்கே கொஞ்சம் ஆடும். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுங்கள். அம்மா இஞ்சி மரப்பாவை நம்பினார், அப்பா மாத்திரையை நம்பினார், இரண்டு பேரும் இரண்டாம் நாள் மதியம் வரை படுத்தே இருந்தார்கள். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

2. பணம் கட்டுவதற்கு முன் விசா

இதை யாரும் சொல்வதில்லை. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினாலும் நடுவில் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்பார்கள். வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்க வேண்டுமென்றால் நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும், 1886ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கனடா விசா வேண்டும். "நாங்கள் இறங்கவே மாட்டோம், கேபினிலேயே இருக்கிறோம்" என்றெல்லாம் சொல்ல முடியாது, கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருக்க வேண்டும். கனடாவைத் தொட்டுவிட்டுத் திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைகிறோம் என்பதால் பெரியவர்களின் அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்றும் பாருங்கள். எச்1பி வேலை விசாவில் இருந்து விசா முத்திரை காலாவதியானவர்கள் வக்கீலைக் கேட்காமல் பதிவு செய்யவே வேண்டாம்.

3. மாதமும் கேபினும்

மே, செப்டம்பரில் விலை குறைவு. ஜூன், ஜூலையில் வெளிச்சம் அதிகம், ஜூன் கடைசியில் ஜூனோவில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். கெட்சிகன் ஓடையில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட். மழை எல்லா மாதமும் உண்டு.

கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். பால்கனி வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு பால்கனி கேபின் எடுங்கள், நீங்கள் ஜன்னலில்லாத உள் கேபினில் தூங்கிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், காசும் மிச்சம், பகல் முழுக்க எல்லோரும் அவர்கள் கேபினில்தான்.

4. சாப்பாடு

பதிவு செய்த கையோடு இந்திய சைவ உணவு வேண்டும் என்று எழுதிவிடுங்கள், கப்பல் ஏறிய முதல் இரவே உணவறைப் பொறுப்பாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். எங்களுக்குத் தினமும் பருப்பு, ஒரு கூட்டு, சோறு கிடைத்தது. ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் கொண்டுபோகாதீர்கள், தீ பயத்தால் ஸ்கேனிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் செய்ததும் கூடாது. சீல் உடைக்காத முறுக்குப் பாக்கெட், ஊறுகாய் சாஷே போதும்.

5. பெட்டி

ஜூலையிலும் பகலில் 15 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், டெக்கில் காற்று வேறு. ஒரே தடிமனான கோட்டு வேண்டாம். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, மேலே மழை இறங்காத ஜாக்கெட், குல்லா, கையுறை. குடையைக் காற்று திருப்பிவிடும். ஒரு பைனாகுலராவது அவசியம், எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, ஆறு பேரும் அதற்கு அடித்துக்கொண்டோம்.

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வர மாலைகூட ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு ஜாக்கெட், குழந்தையின் மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நாங்கள் எல்லா ஜாக்கெட்டையும் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, கப்பல் கிளம்பும்போது டெக்கில் கப்பல்காரர்கள் கொடுத்த நீச்சல்குளத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது.

ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நடுக்கடலில் சாட்டிலைட் கட்டணம் தீட்டிவிடும். சேவைக்கான டிப்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனியாகக் கணக்கில் ஏறும், பெரும்பாலும் குழந்தைக்கும் சேர்த்து. பட்ஜெட்டில் அதை முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

6. துறைமுகங்களில் என்ன செய்வது

எல்லாவற்றுக்கும் சுற்றுலா வாங்காதீர்கள், கப்பல் டிக்கெட்டைவிட அதிகமாகிவிடும். இரண்டுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். ஒன்று, ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகு. ஜூனோ மாநிலத் தலைநகர்தான், ஆனால் வெளியிலிருந்து சாலையே கிடையாது, படகு அல்லது விமானம்தான். அந்தக் கடலில் கோடைக்கு ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் மேய வருகின்றன.

இன்னொன்று, ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில். தங்க வேட்டைக் காலத்தில், 1898இல் போட ஆரம்பித்த குறுகிய பாதை. கடல் மட்டத்திலிருந்து 20 மைலில் 2,865 அடி ஏறுகிறது. ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள். அப்பாவுக்கு ஊட்டி ரயில் ஞாபகம் வந்து, வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

கெட்சிகனில் நடந்தாலே போதும், ஓடைமேல் மரக்கால்களில் நிற்கும் கிரீக் தெரு, பூர்வகுடிகள் செதுக்கிய டோட்டம் கம்பங்கள். அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். போன் எதைக் காட்டினாலும் கப்பல் கடிகாரத்தையே நம்புங்கள், வெளியே தனியாக வண்டி பிடித்துப் போனால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிடுங்கள்.

7. பனியாற்று நாள்

இந்த ஒரு நாளுக்கு அலாரம் வையுங்கள். கிளேசியர் பேயில் பூங்கா ரேஞ்சர்கள் வழியில் கப்பலில் ஏறி மைக்கில் விளக்குவார்கள், கரையில் இறங்குவதெல்லாம் இல்லை. 1794இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடாவின் வாசலிலேயே பனிச்சுவர் நின்றதாம். இப்போது அது கிட்டத்தட்ட 65 மைல் பின்வாங்கியிருக்கிறது, கப்பல் போவது முழுக்க அன்றைக்குப் பனி இருந்த இடத்தில்.

மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும். எந்தப் பக்கம் நிற்பது என்று ஓடாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார்கள். அந்த நேரத்தில் பஃபே வரிசையில் மட்டும் நிற்காதீர்கள். சின்னவனுக்குப் பசி என்று நான் தோசைக்கல் அளவு பான்கேக்குக்கு நின்றிருந்தேன், அப்போதுதான் ஒரு பெரிய துண்டு சரிந்தது. விழுவது முதலில் தெரியும், இடிச்சத்தம் அப்புறம்தான் வரும் என்று மகள் சொன்னாள். எனக்குச் சத்தம் மட்டும்தான்.

அப்புறம் தட்டை வைத்துவிட்டுக் கீழ் டெக்குக்குப் போனேன். அங்கே கூட்டமில்லை. தண்ணீரில் மிதந்த பனித்துண்டுகளிலிருந்து படபடவென்று ஒரு சத்தம், உள்ளே அடைபட்ட பழங்காலக் காற்று வெடித்து வெளியே வருவதாம். "கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அம்மா. ஒரு துண்டின்மேல் ஒரு சீல் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

8. இறங்குவதற்கு முந்தின இரவு

பெரிய பெட்டிகளைப் பூட்டிக் கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் போட ஒரு உடையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எல்லா பேண்டையும் மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். காலையில் வேட்டியும் அதன்மேல் ஆரஞ்சு நிற மழை ஜாக்கெட்டுமாக, பாஸ்போர்ட் அதிகாரி முன்னால் ரொம்பக் கம்பீரமாகத்தான் நின்றார்.