கொட்டகை ஈரத்துக்கு நார்க்கழிவு: என் அனுபவம்

குடியாத்தம் பக்கம் எங்கள் கொட்டகையில் ஒரு பெண் குதிரை இருக்கிறது. ராத்திரி முழுக்கச் சுற்றி நடந்து, லத்தியையும் மூத்திரத்தையும் மிதித்துக் கலக்கிவிடும். தரையில் படுக்கையாக வைக்கோல் போட்டால் பாதியைத் தின்றுவிடும். உமி ஈரத்தை இழுக்கவில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்தால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். குளம்படியில் கறுப்பாகக் கசிந்தபோது பதறிப்போனேன். மருந்து கொடுத்த கால்நடை மருத்துவர், தரை காய்ந்திருக்க வேண்டும் என்றார்.

அப்புறம் கயிறு ஆலையிலிருந்து தேங்காய் நார்க்கழிவு, அதாவது நார் பிரித்தபின் மிஞ்சும் தூள், வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, 6 அங்குல கனத்துக்குப் பரப்பினேன். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அது. லத்தியைத் தினமும் 2 வேளை அள்ளுகிறேன். நனைந்த இடத்தை மட்டும் தோண்டி எடுத்துப் புதிதாக நிரப்புகிறேன். முழுவதையும் கிளறினால் ஈரம் பரவிவிடும். சரியாகக் காயாததைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே காயவைத்து மூட்டை கட்டிவிடுகிறேன். நெடி போய்விட்டது, குளம்பும் ஆறிவிட்டது. இப்போது குதிரை நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறது.