மில் லேப் மீட்டரை லேப்டாப்போடு இணைக்க
மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் செம்பனை மில்லில் வேலை என்றால் ஆபீஸ் வைஃபையை நம்பாதீர்கள், லேன் (நெட்வொர்க் கேபிள்) துளை உள்ள மேசை மல்டிமீட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினால் போதும், ரௌட்டரே வேண்டாம். இடி இடிக்கும் சாயங்காலங்களில் மட்டும் கழற்றிவிடுங்கள்.

மீட்டர் மெனுவில் டிஹெச்சிபியை (முகவரியைத் தானாக வாங்கும் வசதி) அணைத்து 192.168.5.20 என்ற முகவரி கொடுங்கள், லேப்டாப்பின் லேனுக்கு 192.168.5.10, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலியாகவே இருக்கட்டும். வைஃபையும் அதே 192.168.5 வரிசையில் இருந்தால் குழம்பும், மீட்டருக்கும் லேப்டாப்பின் லேனுக்கும் வேறொரு ஒரே வரிசையில் எண் போடுங்கள்.

அப்புறம் லேப்டாப்பிலிருந்து மீட்டரின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். லேப்டாப்பின் லேன் முகவரி 169.254 என்று தொடங்கினால் நீங்கள் போட்ட எண் சேமிக்கப்படவில்லை. பிங் வந்தும் மென்பொருளுக்கு மீட்டர் தெரியவில்லையா? லேப்டாப்பின் ஃபயர்வால் (இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு) தடுக்கிறதா என்று பாருங்கள், பல மாடல்கள் இணைப்புக்குப் பயன்படுத்துவது போர்ட் (இணைப்பு வாசல் எண்) 5025.