சுவரில் மாட்டும் சுடுமண் உடும்பு

கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்த களிமண்ணைச் சாக்குத்துணியின் மேல் ஏறத்தாழ 1 செ.மீ. கனத்தில் தட்டிப் பரப்பி, உடும்பின் வெளிக்கோட்டை மூங்கில் சீவலால் வெட்டிக்கொள்ள வேண்டும். முதுகைப் புடைப்பாக்க மேலும் மண் சேர்க்கும்போது, இரு பரப்புகளையும் கீறி மண்குழம்பு தடவாவிட்டால், காயும்போது அது பெயர்ந்துவிடும். உடும்பின் செதில்கள் மணிமணியாக இருப்பதால், கத்தியால் செதுக்குவதைவிட, காலியான ரீஃபிலின் பின்முனையை நெருக்கமாக அழுத்தி எடுப்பதே இயல்பாக அமைகிறது. பொறுமை மட்டும் வேண்டும்.

பின்புறத்தில் தடித்த இடங்களைக் குடைந்துவிட்டு, மண் சுருங்கும் என்பதால் ஆணித் துளையைச் சற்றுப் பெரிதாகவே இட வேண்டும். மெல்லிய வாலும் விரல்களும் முந்திக் காய்ந்து விரிசல் விடுமாதலால், அவற்றின் மேல் ஈரத்துணி போர்த்தி நிழலில் மெதுவாக உலர்த்துக. உள்ளே ஈரம் எஞ்சியிருந்தால், சூளையில் அது நீராவியாகிச் சிற்பத்தையே வெடிக்கச் செய்யும்.