தை மழையில் வந்த துளிரை வசந்தம் என்று நம்பாதீர்கள்

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த தம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். "அக்கா, மாமரம் துளிர்த்துருச்சுங்க, வந்து பாருங்க." முந்தின வாரம் பருவம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. பகலில் மாசிக் கடைசி போல வெயில். மரத்தின் தெற்குப் பக்கம் முழுக்கச் செம்பு நிறத்தில் இளந்துளிர் தொங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடியில் பார்த்தேன். பாத்தி நிறையத் தண்ணீர், ஓரத்தில் பிரித்த யூரியா மூட்டை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததையே அவர் செய்துகொண்டிருந்தார்.

தொட்டியில் ஓட்டை போடாதது, உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். குளிர்காலம் ஒழுங்காக இல்லாத வருஷத்தில், வசந்தம் வந்துவிட்டதாக நம்பி ஏமாறுகிற இடங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

துளிரைப் பார்த்ததும் மாமரத்துக்குத் தண்ணீர் விடுவது

நான் அதைச் செய்தபோது என் மல்கோவா மாமரத்துக்கு ஆறு வயது. அந்த வருஷம் முதல் காய்ப்பை எதிர்பார்த்திருந்தேன். தையில் ஒரு மழை, அதைத் தொடர்ந்து சிவப்புத் துளிர். கன்று வாங்கிய நர்சரியில் கேட்டேன். "மரம் எழும்புது, தண்ணியும் யூரியாவும் குடுங்க" என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போட்டேன், அரைக் கிலோ யூரியா வைத்தேன். மாசியில் மரம் பச்சைப்பசேல் என்று நின்றது. பங்குனியிலும் அப்படியே நின்றது. ஒரு பூங்கொத்துகூட வரவில்லை. பக்கத்துக் காலிமனையில் யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத கிளிமூக்கு மரம் கிளை தாழக் காய்த்துக் கிடந்தது. ஒரு வருஷ விளைச்சல் போனது. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்க மனம் வருவதில்லை.

காரணம் எளிது. மாமரம் பூக்க மூன்று வேண்டும்: முற்றிய கிளை, காய்ந்த மண், இரவுக் குளிர். வட இந்தியாவில் குளிர் ஒன்றே மரத்தைப் பூக்க வைத்துவிடும். எங்கள் சேலத்தில் அவ்வளவு குளிர் கிடையாது. அதனால் இங்கே மரத்தைப் பூவுக்குத் தள்ளுவதில் மண் காய்வதற்குப் பெரிய பங்கு உண்டு. கார்த்திகைக் கடைசியிலிருந்து மண் காயக் காய மரம் இலை விடுவதை நிறுத்தி ஓய்வெடுக்கும், நுனி மொட்டு திரளும். அந்த நேரத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்தால், பூவாக வேண்டிய மொட்டு இலையாகப் போய்விடும். அந்தப் புது இலை முற்றவே மூன்று நான்கு மாதம் ஆகும். அதற்குள் பருவம் முடிந்துவிடும்.

மழை நாம் கேட்டு வருவதில்லை, சரி. மழை கிளப்பிவிட்ட துளிரோடு நாமும் சேர்ந்துகொள்ளாமல் இருக்கலாமே. பெரும்பாலும் மரத்தின் ஒரு பக்கம்தான் துளிர்க்கும். மற்றப் பக்கம் இன்னும் காத்திருக்கும். தண்ணீரை மூடினால் அந்தப் பாதியாவது பூக்கும்.

அன்றைக்கு அந்தத் தம்பியின் மரத்தில் ஏணி போட்டு ஏறி, அவரையும் ஏறச் சொல்லி, இரண்டு நுனிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இலை மொட்டு ஒல்லியாக, பேனா முள் மாதிரி கூராக இருக்கும். பூ மொட்டு அடி பருத்து, மூக்குக்கடலை போல உருண்டிருக்கும். இரண்டும் விரிய ஆரம்பித்த பிறகு இன்னும் எளிது. பூங்கொத்தாக இருந்தால் தண்டு நெடுகக் கேழ்வரகு ஒட்டியது போலப் பொடிப்பொடி மணிகள் தெரியும். அப்புறம் பக்கத்து இலை ஒன்றை மடக்கச் சொன்னேன். மொடமொடவென்று முறிந்தது. அது முற்றிய கிளை, அதில் நம்பிக்கை வைக்கலாம். துவண்டு மடங்கினால் அந்தக் கிளையை இந்த வருஷக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரை எப்போது திறப்பது? பூத்து, பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு. அதுவரை கை பரபரத்தாலும் குழாயைத் தொடாதீர்கள். நிலத்தில் வேரோடி வளர்ந்த மரத்துக்குச் சொல்கிறேன். இந்த வருஷம் நட்ட கன்றுக்கும் தொட்டி மாவுக்கும் இது பொருந்தாது, அவற்றைக் காயப் போட்டால் செத்துவிடும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, டிசம்பர் தொடக்கத்தில் நம் பக்கமும் வந்து கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த முறை என் மரத்தடி மண் தை பிறந்தும் ஈரமாகவே கிடந்தது. தண்ணீர் வடியப் பாத்தியின் கரையை வெட்டிவிட்டேன், மரத்தடியில் பரப்பியிருந்த மூடாக்குச் சருகையெல்லாம் அள்ளி ஒதுக்கி வெயில் பட விட்டேன். மாசி பாதியில் பூத்தது. தாமதம்தான், ஆனாலும் பூத்தது.

இலை உதிர்வதைப் பார்த்துப் பயப்படுவது

நம் ஊரில் வசந்தத்தின் முதல் அடையாளம் பச்சை இல்லை, சருகுதான். மாசியில் புங்கமரம் மொட்டையாகும், தெருவெல்லாம் சருகு. பிறகு ஒரே வாரத்தில் கண் கூசும் இளம்பச்சை. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அந்த மொட்டையைப் பார்த்து மரம் காய்கிறது என்று குடம் குடமாக ஊற்றுகிறார்கள். மரத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. தொட்டியில் இருக்கும் அடீனியம் (பாலைவன ரோஜா) அப்படித் தாங்காது. குளிரில் இலை கொட்டி நிற்கும்போது தண்ணீர் ஊற்றினால் பருத்த அடித்தண்டு அழுகிவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

விரிந்த பூவின் மேல் மருந்து

வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் ஈக்கள்தான், மருந்து அவற்றைக் கொன்றுவிடும். சாம்பல் நோய் பயம் இருந்தால் நனையும் கந்தகத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கணக்கில் கலந்து, பூ விரியும் முன்பே அடித்து முடியுங்கள்.

குண்டுமல்லியை வெட்ட மனம் வராதது

கார்த்திகைக் கடைசியில், கூடிப்போனால் மார்கழி முதலில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். மழை வருஷத்தில் அப்போதும் செடி தளதளவென்று இருக்கும். பாவம் என்று விட்டால், பங்குனியில் இலை இருக்கும், பூ இருக்காது.

ஏற்காட்டில் அரைகுறை மழைக்குப் பிறகு காபிக்குக் குழாய் பிடிப்பது

என் சித்தி வீடு மேலே இருக்கிறது. கொல்லையில் இருபது காபிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர் என்பார்கள். மழைக்குக் காத்திருந்து பூக்கிற செடி அது. மொட்டு சிறு பச்சை முனையாக வந்து அப்படியே தூங்கும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு அங்குலம் போல நல்ல மழை விழுந்தால் விழித்து, எட்டுப் பத்து நாளில் மலையே மல்லிகை வாசம் அடிக்கும்.

சிக்கல் தையில் வரும் தூறலில். கால் அங்குலம் பெய்து ஓயும், மொட்டு லேசாக நீளும். உடனே ஆசைப்பட்டுச் செடிக்கு ஒரு வாளி ஊற்றுவார்கள். சித்தியும் ஒரு வருஷம் ஊற்றினார். மொட்டு முழுதாக விழிக்கவும் முடியாமல், பழையபடி தூங்கவும் முடியாமல் பழுப்பாகிக் கருகியது. ஊற்றுவதானால் ஒரு அங்குல மழைக்குச் சமமாக வேர் வரை நனைய ஊற்ற வேண்டும். அது முடியாதென்றால் ஊற்றவே கூடாது. பழம் இன்னும் செடியில் இருந்தால் முதலில் அதைப் பறித்து முடியுங்கள். பூத்த பிறகு கிளைக்குள் கை விட்டால் பூ கொட்டும்.

பகல் வெயிலை நம்பி நாற்றை வெளியே வைப்பது

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். மேலே ஏற்காட்டில் இருப்பவர்கள் மாசி கழியும்வரை நாற்றை வெளியே வைக்காதீர்கள்.

அந்தத் தம்பி அன்றே குழாயை மூடிவிட்டார், யூரியா மூட்டையை என் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். நேற்று சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். கிழக்குப் பக்கம், துளிர்க்காத கிளைகளில், ஏழெட்டு நுனி உருண்டிருக்கிறது. ஒன்றில் மணி தெரிகிறது. பாத்தி மண் இன்னும் கையில் ஒட்டுகிறது, அதனால் கரையை இன்னொரு பக்கமும் வெட்டிவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.