ஜூன் விடுமுறை முடியும்போது ஊருக்கு ஒரு குடும்பக் கடிதம்

நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜூன் மாதத்து நான்கு வார விடுமுறைதான் கோடை. அது முடிந்து மூன்றாம் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனி, ஞாயிறில், மன்னார்குடியில் இருக்கும் என் மாமாவுக்கும் அத்தைக்கும் கடிதம் எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். கைப்பேசியில் தினமும் பேசும்போது கடிதம் எதற்கு என்று தோழிகள் கேட்பார்கள். பேசியது அன்றோடு போய்விடும். கடிதத்தை மாமா எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார்.

நீங்களும் இப்படி எழுதுவதானால், விடுமுறை நடக்கும்போதே நாட்காட்டியின் ஓரத்தில் ஒரு சொல் குறித்து வையுங்கள். 'ஹெலிகாப்டர்' என்று இருந்தால் போதும். தேசிய தின ஒத்திகைக்காகக் கொடியைச் சுமந்து பறந்த ஹெலிகாப்டரைப் பார்க்கத் தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டாரெல்லாம் கூடியது தானாக நினைவுக்கு வரும்.

கடிதத்தை உடல்நலத்தில் தொடங்குங்கள். பெரியவர்களின் கண் முதலில் அதைத்தான் தேடும். யாருக்காவது காய்ச்சல் வந்து போயிருந்தால் மறைக்க வேண்டாம். எப்போது வந்தது, மருத்துவர் என்ன சொன்னார், இப்போது எப்படி இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். அரைகுறையாகத் தெரிந்தால்தான் அவர்களுக்கு இரவில் தூக்கம் வராது. வேலை, வாடகை, செலவு பற்றி இரண்டு வரி போதும்.

பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதுதான் நிதானம் வேண்டும். 'நன்றாக வளர்ந்துவிட்டாள்' என்று எழுதினால் அத்தைக்கு எதுவும் கண்ணில் தெரியாது. இந்த முறை இப்படி எழுதினேன்: 'பள்ளி திறப்பதற்காகச் சின்னவளின் பாவாடையை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். முழங்காலுக்கு மேலே நின்றது. மடிப்பைப் பிரித்து இரண்டு விரல் அளவு இறக்கித் தைத்தேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் கருநீலமாக ஒரு கோடு தெரிகிறது. தேய்த்தும் போகவில்லை. அவளுக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது.' அத்தை தையல் தெரிந்தவர். பேத்தி எவ்வளவு உயர்ந்திருக்கிறாள் என்று தன் விரலை வைத்தே அளந்துகொள்வார். படிப்பவருக்கு எது கைவந்ததோ அதைக் கொண்டு சொல்லுங்கள். இந்தக் கடிதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பிள்ளைகளும் தமிழில் எழுத வேண்டும். 'தாத்தாவுக்கு ஏதாவது எழுது' என்றால் 'நலமா? நான் நலம்' என்பதோடு பேனாவை மூடிவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். 'மண்டாயில் புதிய பறவைப் பூங்காவுக்குப் போனோமே, எந்தப் பறவை உன் தலைக்கு மேலே பறந்தது?' என்று கேட்டதும் பெரியவன் அரைப் பக்கம் எழுதினான். அவன் தொடக்கநிலை ஆறில் படிக்கிறான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வருகிறது. கண்டதைக் கோவையாகத் தமிழில் சொல்லும் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும். ஆனால் கடிதத்தில் ணகர னகரத்தைத் திருத்தாதீர்கள். சிவப்பு மை பட்ட தாளில் பிள்ளையின் குரல் கேட்காது.

படங்கள் மூன்று நான்கு போதும். மரினா பேயில் வரிசையாக நின்று எடுத்ததைவிட, பிள்ளை அரிசி களைவதும் அப்பா இரவு வேலை முடிந்து வந்து சோபாவில் உறங்குவதும் ஊரில் அதிகம் பார்க்கப்படும். பின்புறத்தில் பெயரும் இடமும் எழுதுங்கள். அண்டை வீட்டார் கேட்கும்போது பெரியவர்கள் தடுமாற வேண்டியதில்லை.

முடிவில் கேள்விகள் இருக்கட்டும், அவர்களுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகள். 'கொல்லையில் எலுமிச்சை காய்த்ததா? ஆடிப் பெருக்குக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுமா?' நம் செய்தியை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் அது அறிக்கை. கேட்டால்தான் அவர்களுக்கும் பேச இடம் கிடைக்கும்.

கணினியில் அடிப்பதானால் எழுத்தைப் பெரிதாக வைத்து, வரிகளுக்கிடையே இடம் விடுங்கள். பிள்ளைகளின் பகுதி கையெழுத்திலேயே இருக்கட்டும். அஞ்சலகத்தில் எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடும் ஊர்க் கைப்பேசி எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். கடிதம் சேர்ந்த செய்தி வந்ததும், இங்கே இரவு எட்டரை மணிக்கு அழையுங்கள். நாம் இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால் அங்கே அப்போது மாலை ஆறு. மாமா கண்ணாடியும் கடிதமுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வரியாகப் பேச நேரம் இருக்கும்.